கலண்டரும் பார்ண்ஸும் நிலாவரைக் கிணறும்

மொன்றியாலில் என் முதல் மார்கழி 1986இல். பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் ஆறு பெடியள் வாடகைக்கு இருந்தோம். குளிர்ப்பெட்டி சின்னது. மிஞ்சிய கறியையும் பாலையும் பின்பக்கப் பல்கணியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவோம். ஒரு நாள் மாலை கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி அங்கே வைத்தேன். உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து விடியப்புறம் வந்து பார்த்தால் போத்தல் நெடுக்காக வெடித்திருந்தது. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தேன். உள்ளே இருந்த ஐஸ் கழுத்தும் தோளுமாகப் போத்தலின் வடிவத்திலேயே நின்றது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு எண் நினைவுக்கு வந்தது. 0.917. பனிக்கட்டியின் அடர்த்தி. ஒரு கன சென்ரிமீற்றர் தண்ணீர் ஒரு கிராம் இருக்கும். அதே கனவளவு பனிக்கட்டி ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது தண்ணீர் உறையும்போது பதினொரு பங்கு இருந்தது ஏறக்குறைய பன்னிரண்டு பங்காக வீங்கும். அந்த வீக்கத்துக்கு இடமில்லாமல்தான் என் போத்தல் வெடித்தது. இரண்டு வருடத்துக்கு முன், 1984இல், யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சைக்கு இந்த எண்ணை மனனம் செய்திருந்தேன். அது ஒரு போத்தலை உடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ரியூட்டரியில் பௌதிகவியல் படிப்பித்த மாஸ்டர் நல்ல ஆசிரியர். நெல்கனும் பார்க்கரும் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு அந்தந்த இடத்திலேயே தமிழாக்கிச் சொல்லுவார். “தண்ணி நாலு பாகை செல்சியசிலைதான் அதிகூடிய அடர்த்தி. அதுக்குக் கீழை போனா விரியும். அதாலைதான் குளிர் நாடுகளிலை குளம் மேலையிருந்து உறையுது, அடியிலை மீன் தப்புது. எழுதுங்கோ பிள்ளையள்.” எழுதினோம். மாஸ்டரும் உறைந்த குளத்தைப் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த ஐஸ், மீன் சந்தைக்கு உமிக்குள் புதைத்துக் கொண்டுவரும் ஐஸ்கட்டியும் பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐஸ்பழமும்தான்.

இங்கே வந்த பிறகு அந்த வசனங்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. ஸ்னோ கொட்டும்போது பஸ் தரிப்பில் நின்று கறுப்புக் கோட்டின் கையைப் பார்ப்பேன். பெரிய குளிர் நாளில், காற்றில்லாத நேரத்தில் விழும் ஸ்னோ தூளாக இருக்காது. தனித் தனிப் பூவாக வந்து உட்காரும். ஒவ்வொன்றுக்கும் ஆறு கை. ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. மூச்சு படாமல் பார்க்கவேண்டும், பட்டால் ஒரு துளியாகிவிடும்.

அந்த ஆறுக்கும் என் போத்தல் உடைந்ததற்கும் காரணம் ஒன்றுதான். தண்ணீர் மூலக்கூறில் ஒட்சிசன் அணு ஒன்றும் அதன் இரு பக்கமும் ஐதரசன் அணு இரண்டும் உண்டு. நேர்கோட்டில் இல்லாமல், விரித்த காலைப் போல 104.5 பாகை கோணத்தில் ஒட்டியிருக்கும். திரவமாக இருக்கும்போது இந்த மூலக்கூறுகள் நல்லூர்த் தேரன்று வீதியில் நிற்கும் சனத்தைப் போல இடித்துக்கொண்டும் இடம் மாறிக்கொண்டும் இருக்கும். யாருடைய தோள் இடைவெளியிலும் இன்னொருவர் புகுந்துவிடுவார். உறையும்போது அதே சனம் கோலாட்டத்துக்கு நிற்பதுபோல் ஆகிவிடும். ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சுற்றி நால்வரைக் குறித்த தூரத்தில், குறித்த திசையில் பிடித்துக்கொள்ளவேண்டும். அப்படிப் பிடிக்கும்போது அறுகோண வளையங்கள் உண்டாகும், வளையத்துக்கு நடுவில் வெறும் இடம் விழும். அதே ஆட்களுக்கு இப்போது பெரிய வீதி வேண்டும். பெரும்பாலான பொருட்கள் திண்மமானதும் சுருங்கித் தம் திரவத்தில் மூழ்கும். தண்ணீர் விரிந்து மிதக்கிறது. உலகத்தில் எனக்கு இதைவிட ஆச்சரியமான விஷயம் இன்றைக்கும் இல்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு வேர்டன் கரைக்குப் போனேன். சென் லோறன்ஸ் ஆற்றை அதுவரை பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருந்தேன். அன்று குளிர் கழித்தல் இருபதுக்குக் கீழே. ஆறு புகைந்துகொண்டிருந்தது. பூச்சிய பாகையில் இருக்கும் தண்ணீர் அந்தக் காற்றுக்குச் சுடுதண்ணீர். அதிலிருந்து எழும் ஆவி எழுந்த உடனேயே குளிர்ந்து புகைபோல் தெரிகிறது. கரையோரம் தடித்த ஐஸ். நடுவில் கறுப்பாக நீரோட்டம், அதில் தட்டுத் தட்டாக ஐஸ் மிதந்து போனது. விளிம்பு மேல்நோக்கி மடிந்த தோசைபோல ஒவ்வொரு தட்டும் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தது. தட்டுகளுக்கிடையில் கஞ்சிபோல் ஒன்று குழைந்து கிடந்தது.

அந்தக் கஞ்சிதான் என்னைக் குழப்பியது. மாஸ்டர் சொன்னபடி ஐஸ் மேலே ஒரு மூடியாக அல்லவா வரவேண்டும்? அடியில் நாலு பாகைத் தண்ணீர் அமைதியாக இருக்கவேண்டும். இங்கே ஆறு முழுவதும் ஐஸ் தூளாகக் கலந்து ஓடுகிறதே. பதில் எனக்குக் கிடைக்க எட்டு ஒன்பது வருடம் சென்றது.

இந்த ஆற்று ஐஸை நம்பி இவ்வூர்க்காரர் செய்த வேலைகள் கொஞ்சமல்ல. 1880இல் ஹோஷலாகாவிலிருந்து அக்கரை லொங்கேய் வரைக்கும் உறைந்த ஆற்றின் மேல் மரச் சட்டம் பரப்பித் தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டினார்கள். அடுத்த குளிரில் ஒரு இயந்திரம் ஐஸை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. அப்படியும் விடாமல் மேலும் இரண்டு குளிர்காலம் ஓட்டினார்கள். ஐஸ் என்பது இவர்களுக்குப் பாடம் அல்ல, வயிற்றுப்பாடு என்று அதைப் படித்தபோது விளங்கியது.

1995 அளவில் எங்கள் ஊரவர் ஒருவரின் மகன் மக்கில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். “மாமா, உங்களுக்குப் பிசிக்ஸ் எண்டா விருப்பம்தானே, எங்கடை லைப்ரரிக்கு வாங்கோ” என்று ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனான். கல்லில் கட்டிய பழைய கட்டிடம். வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, நூலகம் ஆவதற்கு முன் இது மக்டொனால்ட் பௌதிகவியல் கட்டிடம். புகையிலை வியாபாரி வில்லியம் மக்டொனால்ட் கொடுத்த பணத்தில் 1893இல் திறக்கப்பட்டது. காந்த அளவீடுகள் கெடக்கூடாது என்று இரும்பைத் தவிர்த்து மரமும் கல்லும் செம்பும் பித்தளையும் கொண்டு கட்டினார்கள். ஏர்னெஸ்ட் ரதர்போர்ட் 1898இல் பேராசிரியராக வந்து 1907 வரை வேலை செய்தது இங்கேதான்.

ரதர்போர்ட் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவர் யாருடைய கதிரைக்கு வந்தார் என்று அடுத்த வரியில் இருந்தது. முன்னவர் இலண்டனுக்குப் போனதால் அந்த இடம் காலியானது. முன்னவரின் பெயர் ஹியூ கலண்டர்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். கலண்டர்! கலண்டரும் பார்ண்ஸும்! எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவர்கள் இதை வாசித்தால் என்னோடு சேர்ந்து எழும்பி நிற்பார்கள். தண்ணீரின் தன்வெப்பக் கொள்ளளவு காணும் தொடர்பாய்ச்சல் முறை. படம் கீறிப் பாகம் குறித்து விவரிக்கச் சொல்லும் கேள்வி. ஒடுங்கிய கண்ணாடிக் குழாய் ஒன்றினூடாகத் தண்ணீர் ஒரே சீராக ஓடும். குழாயின் நடுவே ஓடும் கம்பியில் மின்னைச் செலுத்திச் சூடாக்குவார்கள். உள்ளே வரும் முனையிலும் வெளியேறும் முனையிலும் பிளாற்றினத் தடை வெப்பமானிகள். குழாயைச் சுற்றி வெற்றிட உறை. கொஞ்ச நேரத்தில் கருவி முழுவதும் ஒரு நிலைக்கு வந்துவிடும். பிறகு கொடுக்கும் சூடு தண்ணீரோடு போகிறது, மிகச் சிறு பங்கு வெளியே கசிகிறது. அந்தக் கசிவை எந்த உறையாலும் முழுதாக நிறுத்த முடியாது. அவர்கள் செய்தது என்னவென்றால், தண்ணீரின் வேகத்தை மாற்றி, மின்னையும் மாற்றி, வெப்பநிலை வித்தியாசம் மட்டும் அதேயளவு வரும்படி இரண்டாம் முறை செய்தார்கள். இரண்டு தடவையும் கசிவு ஒரே அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கசிவு கணக்கிலிருந்தே விழுந்துவிடும். ரியூட்டரியில் மாஸ்டர் கரும்பலகையில் கசிவைக் குறித்த எழுத்தை வெட்டிய நேரம் வகுப்பே ஒரு கணம் மூச்சு விடாமல் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம்.

இந்தக் கருவியைக் கொண்டு ஹவர்ட் பார்ண்ஸ், தண்ணீரின் தன்வெப்பக் கொள்ளளவு எல்லா வெப்பநிலையிலும் ஒன்றாக இல்லை, மிக நுண்ணிய அளவில் மாறுகிறது என்று அளந்தார். கலண்டர் ஆரம்பித்த வேலையை அவர் போன பிறகும் இதே கட்டிடத்தில் தொடர்ந்து முடித்தவர் பார்ண்ஸ்தான். என் கொப்பியில் அந்தக் கருவியின் படம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. அது எந்த ஊரில் செய்யப்பட்டது என்று ஒரு சொல் இல்லை. ஏதோ வானத்திலிருந்து விழுந்த அறிவு என்று நினைத்துத்தான் படித்தோம். நான் கோப்பை கழுவிய உணவகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அது நடந்திருக்கிறது.

அன்று முழுவதும் அங்கேயே இருந்து வாசித்தேன். ரதர்போர்டும் பிரெடெரிக் சொடியும் தோரியத்திலிருந்து வெளிவரும் ஒன்றைத் திரவக் காற்றில் குளிரவைத்த செப்புக் குழாயினூடாக விட்டார்கள். அது குழாய்க்குள் ஒடுங்கி நின்றுவிட்டது. சூடேறவிட்டதும் மறுபடி வந்தது. குளிரில் ஒடுங்கிச் சூட்டில் எழும்புவதென்றால் அது ஒரு வாயுதான். தோரியம் என்ற உலோகத்திலிருந்து வேறொரு மூலகத்தின் வாயு பிறக்கிறது. அணு பிளக்க முடியாதது என்று நாங்கள் சின்ன வகுப்பில் எழுதிய வரி, திண்மம் திரவம் வாயு என்ற சாதாரண பாடத்தின் உதவியோடுதான் இந்த ஊரில் உடைந்தது. ரேடியம் விடும் சூட்டை ரதர்போர்ட் அளக்கவேண்டி வந்தபோது, 1903இல், சூடு அளப்பதில் கைதேர்ந்த பார்ண்ஸும் கூட நின்று அளந்தார். ரதர்போர்டின் முதல் பட்டமேற்படிப்பு மாணவி ஹரியற் புறூக்ஸ் என்ற பெண்ணும் இதே இடத்தில்தான் இப்படிப் பிறக்கும் வாயுவை ஆராய்ந்தார். அவருடைய பெயர் எங்கள் பாடப்புத்தகங்களில் வராமல் போனது பெரிய குறை.

ஆனால் என் ஆற்றுக் கஞ்சிக்கு விடை வைத்திருந்தவர் பார்ண்ஸ். அவர் 1906இல் ஐஸ் உண்டாவதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆய்வுகூடத்தில் பழகிய பிளாற்றின வெப்பமானியை எடுத்துக்கொண்டு குளிரில் சென் லோறன்ஸ் ஆற்றுக்கே போய்விட்டார். நாலு பாகை அடுக்கு குளத்துக்குரியது. லஷின் பாய்ச்சல் போலக் கல்லிலும் பாறையிலும் மோதிப் புரண்டு ஓடும் ஆற்றில் மேல் கீழ் என்று அடுக்கு நிற்காது. மேலிருந்து அடிவரை எல்லாம் ஒரே குளிர். மூடி இல்லாத ஆறு இரவில் வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துக் கொடுத்து, பூச்சியத்துக்கும் கீழே, ஒரு பாகையின் மிகச் சிறிய பின்னம்தான், இறங்கிவிடும். அந்த அற்ப இறக்கம் போதும், தண்ணீர் முழுவதும் நுண்ணிய ஐஸ் தட்டுகள் ஒரே நேரத்தில் பிறக்க. அந்தத் தட்டுகள் எதைத் தொட்டாலும் ஒட்டும். நீரோட்டம் அடிக்கு இழுத்துக்கொண்டு போனால் அடிக் கல்லிலும் ஒட்டி வளரும். நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வாயை அடைக்கும், மின்நிலையத்தின் கம்பி வலையை அடைக்கும். அடியில் ஐஸ் பிடிக்காது என்று நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கினேன். இந்த ஆற்றின் அடியில் பிடிக்கிறது.

ஐஸ் என்றால் என்ன என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது 1998 தை மாதத்தில். 5ஆம் திகதி மழை தொடங்கியது. மழை என்றால் மழைதான், ஸ்னோ அல்ல. மேலே ஒரு சூடான காற்று, கடலிலிருந்து வந்தது. கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கில் அடர்த்தி கூடிய குளிர் காற்று, குழிக்குள் தங்கிய தண்ணீர்போல் அசையாமல் கிடந்தது. மேல் அடுக்கில் உருகித் துளியான ஸ்னோ, கீழ் அடுக்கில் பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறைய நேரமில்லாமல் திரவமாகவே வந்து விழுந்தது. தொட்ட கணத்தில் உறைந்தது. கம்பியில், கிளையில், படியில், கார்க் கண்ணாடியில். வீட்டு வாசல் மரத்தில் பென்சில் மொத்தத்தில் ஒரு சிம்பு. அதைச் சுற்றி என் பெருவிரல் மொத்தத்துக்கு ஐஸ், உள்ளே மொட்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் எங்காவது ஒரு கிளை துவக்குச் சூடுபோல முறியும். மகள் என்னைப் பார்ப்பாள், மனைவி என்னைப் பார்க்கமாட்டாள். ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

ஐந்து நாள் மழை. நூற்றுக்கணக்கான உருக்குக் கோபுரங்கள் பாரம் தாங்காமல் மடிந்தன. கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில். 9ஆம் திகதி நகரத்தின் நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் மின் நின்றது. பென்னம்பெரிய ஆறு சுற்றி ஓடும் தீவில் குழாய்த் தண்ணீர் நின்றுவிடும் நிலைமை. நாங்கள் எல்லோரும் ஒரு அறைக்குள் போர்வைகளோடு இருந்தோம். கீழ் வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவி விறகு அடுப்பில் சூப் காய்ச்சி மூன்று மாடிக்கும் அனுப்பினா. மெழுகுதிரி வெளிச்சத்தில் மகளுக்கு எட்டு வயதுக்கு விளங்கும்படி அந்த மழையைச் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். பதின்மூன்று வயதில் ஒரு நாள் அடர்த்திப் பாடத்தோடு வந்தாள். அந்தச் சனிக்கிழமை சென் லம்பேர் கப்பல் மடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1959இல் திறந்த கடல்வழியின் முதல் மடை அது. ஒரு பெரிய கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடுவார்கள், மேல் மட்டத்துத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். பம்பு எதுவும் இல்லை, தண்ணீரின் சொந்தப் பாரம்தான். பத்து நிமிடத்துக்குள் கப்பல் எங்கள் கண் முன்னே எழும்பிவிட்டது. கப்பலின் பக்கத்தில் படிப்படியாகக் கோடுகள் வரைந்திருந்தன. கடல் தண்ணீருக்கு ஒரு கோடு, அதற்கு மேலே நன்னீருக்கு ஒரு கோடு.

“ஏனப்பா ஆத்திலை கூடத் தாழுது?”

“கடல் தண்ணி பாரம், பிள்ளை. ஆயிரம் லீற்றர் நன்னீர் ஆயிரம் கிலோ. கடல் தண்ணி ஆயிரத்து இருபத்தைஞ்சு. பாரமான தண்ணி கொஞ்சம் விலகினாலே கப்பலைத் தாங்கிப்போடும்.”

சொல்லி முடித்ததும் என் அம்மப்பாவின் குரல் எனக்குள் கேட்டது. புன்னாலைக்கட்டுவனில் அவருடைய தோட்டக் கிணற்றில் துலாவை விட்டு மிஷின் பூட்டிய காலம். மாமா இரவு பகலாக இறைப்பார். அம்மப்பா ஓடிவந்து நிற்பாட்டுவார். “வத்த வத்த இறைக்காதை. அடியிலை கடல் கிடக்கு, ஏறி வந்திடும்.” கிழவனின் பயம் என்று நாங்கள் நினைத்தோம்.

கிழவன் சொன்னது பௌதிகவியல். வலிகாமத்தின் சுண்ணாம்புக் கல்லுக்குள் மாரி மழை இறங்கி, கீழே புகுந்திருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஆயிரத்துக்கும் ஆயிரத்து இருபத்தைந்துக்கும் உள்ள வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி நன்னீர் கடலை அமத்திக்கொண்டிருக்கும். மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால், நாளடைவில் கீழே நாற்பது அடிக்கு உவர் ஏறும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேல் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்பார்கள், அங்கே எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலையில் வரும் என்பார்கள். அந்தக் கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும். உவர் ஏன் அடியில், நன்னீர் ஏன் மேலே என்று ஒருவரும் கேட்டதில்லை. நிலாவரைக்குச் சைக்கிளில் போய் வந்த அதே கிழமையில் ரியூட்டரியில் அடர்த்திக் கணக்குச் செய்தேன். இரண்டும் ஒன்று என்று தெரியாமல் பரீட்சை எழுதினேன்.

பார்ண்ஸுக்கு ஆறு இருந்தது. ஆறு அடைத்ததால் ஆற்றுக்குப் போனார். எங்களுக்குக் கிணறு இருந்தது. கிணற்றுக்கு யாரும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பில் நீளமான கண்ணாடிக் குவளை ஒன்றில் உப்புத் தண்ணீர் விட்டு, மேலே கரண்டிப் பின்புறத்தால் நீலச் சாயம் கலந்த நன்னீரை மெதுவாக ஊற்றுவேன். இரண்டும் கலக்காமல் கோடு பிரித்து நிற்கும். வளைந்த ஸ்ட்ரோவால் மேல் தண்ணீரை உறிஞ்சச் சொன்னால், நன்னீர் குறையக் குறைய அதன் மட்டம் இறங்கிக் கோட்டை நெருங்குவதைப் பிள்ளைகள் தாங்களே காண்பார்கள். அதற்குப் பிறகுதான் எண் எழுதுவேன்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலண்டர் பார்ண்ஸ் படத்தைப் பிள்ளைகள் கீறட்டும், அது அழகான பரிசோதனை. அடர்த்திப் பாடத்தை மட்டும் தயவுசெய்து நிலாவரையிலிருந்து தொடங்குங்கள். பஸ் பிடித்தால் அரை மணித்தியாலம்.